குழந்தைகளோடு கேரவன் பயணம்: குவாசூலு-நத்தாலின் உட்பகுதியில் முகாம் தேர்வு செய்வது எப்படி

எங்கள் முதல் கேரவன் பயணத்துக்கான முகாமை நாங்கள் புகைப்படங்களைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தோம். படங்களில் மலை இருந்தது, ஓடை இருந்தது, பச்சைப் புல்வெளியும் இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்த அன்று இரவு இரண்டு மணிக்கு ஆறு வயது மகள் எழுந்து கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சொன்னபோதுதான், கழிப்பறைக் கட்டடம் அந்த ஓடைக்கு அப்பால் இருப்பதும், வழியில் ஒரு விளக்குகூட இல்லாததும், ஈரமான கற்களின் மேல் கால்வைத்துத்தான் ஓடையைக் கடக்க வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரிந்தன. மறுநாள் காலை அதே கற்களில் என் மாமியார் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. மூன்று நாள் தங்கப் போனவர்கள் ஒரே நாளில் திரும்பினோம். அன்று முதல் எந்த முகாமைப் பற்றி விசாரித்தாலும், இரவு இரண்டு மணிக்கு ஒரு குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு கேரவன் கதவிலிருந்து கழிப்பறை வரை நடக்கும் அந்த நடையைத்தான் முதலில் மனத்தில் நடந்து பார்க்கிறேன். தூரம், வெளிச்சம், தரை, விலங்கு, குளிர் என்று கேட்க வேண்டிய பெரும்பாலான கேள்விகள் அந்த ஒரு நடையிலிருந்தே பிறக்கின்றன.

இந்த அறிவு நம்மில் பலருக்கு வீட்டில் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில் பொது வசதிகளை இனவாரியாகப் பிரிப்பதற்கு 1953இல் இயற்றப்பட்ட சட்டம் 1990இல்தான் நீக்கப்பட்டது. டர்பன் வட்டாரத்துச் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டொங்காட்டிலும் வளர்ந்த நம் பெற்றோர் கடற்கரையில் தார்ப்பாய் கட்டி மீன்பிடித்திருக்கிறார்கள், மணலில் அடுப்பு மூட்டிப் பிரியாணி செய்திருக்கிறார்கள். ஆனால் மற்றவர்கள் தாத்தா காலத்திலிருந்தே கற்றுவந்த கேரவன் முகாம் பழக்கம் அவர்களுக்கு எட்டாததாகவே வைக்கப்பட்டிருந்தது. ஆகவே இன்று முதல்முறையாகக் கேரவனை வாடகைக்கு எடுக்கும், இந்நாட்டின் ஐந்தாம் தலைமுறைத் தமிழ்க் குடும்பத்துக்கும், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக வந்து டர்பனில் குடியேறியவர்களுக்கும் தேவைப்படும் விவரங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். டர்பன் உள்ள குவாசூலு-நத்தால் மாகாணத்தை மனத்தில் வைத்தே இவற்றை எழுதுகிறேன்.

முதலில் பருவம், பிறகுதான் இடம்

எந்த முகாம் என்று தேடுவதற்கு முன் எந்த மாதம் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவார முகாம்கள் பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலே இருக்கின்றன. அங்கே கோடைதான் மழைக்காலம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலையில் வானம் தெளிந்திருக்கும், பிற்பகலில் மேகம் திரண்டு இடியும் மின்னலும் சில நேரம் ஆலங்கட்டியும் வரும். எனவே அந்த மாதங்களில் மலை நடையை அதிகாலையில் தொடங்கி மதிய உணவுக்குள் திரும்பிவிட வேண்டும்; இடி கேட்டால் கூடாரத்திலோ மரத்தடியிலோ நிற்காமல் குழந்தைகளைக் காருக்குள் ஏற்றிக் கதவைச் சாத்திவிட வேண்டும். ஜூன், ஜூலை மாதங்களில் மழை இல்லை, வானம் கண்ணாடி போல இருக்கும், ஆனால் இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும், விடியற்காலையில் குழாய்த் தண்ணீர் உறைந்துகூடப் போகும். புல் காய்ந்து கிடக்கும் அந்தக் காலத்தில் காட்டுத்தீ ஒரு மெய்யான அபாயம். காற்று பலமாக வீசும் நாட்களில் திறந்த வெளியில் நெருப்பு மூட்டவே கூடாது என்று முகாம்கள் தடை விதிக்கும்.

செப்டம்பர் பள்ளி விடுமுறை வசந்தகாலம் என்பதால் மிதமாக இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு 2024 நினைவிருக்கலாம். அந்த ஆண்டு செப்டம்பர் 20, 21 தேதிகளில் வான் ரீனன் கணவாயில் பெய்த கடும் பனியால், டர்பனையும் ஜோஹன்னஸ்பர்கையும் இணைக்கும் என்3 நெடுஞ்சாலை மூடப்பட்டு, வண்டிகளில் வந்தவர்கள் இரவு முழுவதும் சாலையிலேயே சிக்கிக்கொண்டார்கள். முதல் பயணத்துக்கு ஏப்ரல் கடைசியும் மே மாதமும் ஏற்றவை என்பது என் அனுபவம். அப்போது மழை ஓய்ந்திருக்கும், கடுங்குளிர் இன்னும் வந்திருக்காது. ஈஸ்டர் வார இறுதியை விட்டுவிடுங்கள். முகாம்கள் அப்போது நிரம்பி வழியும் என்பதோடு, மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போகும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்த நாட்கள் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவை.

இடத்தைப் பொறுத்தவரை, முதல் பயணம் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கட்டும், இரண்டு இரவுகளுக்கு மேல் வேண்டாம். ஏதாவது சரிப்படவில்லை என்றால் கோபமில்லாமல் வீடு திரும்பக்கூடிய தூரம் அது. டர்பனிலிருந்து ஹோவிக் அருகே உள்ள மிட்மார் அணைக்கட்டு ஏறத்தாழ 110 கிலோமீட்டர். 1974 முதல் ஆண்டுதோறும் நீச்சல் போட்டி நடக்கும் அந்த நீர்ப்பரப்பின் கரையில் கேரவன் நிறுத்தும் வசதி உண்டு. கைப்பழக்கம் வந்த பிறகு, மலையை நெருங்கிப் பார்க்க ராயல் நத்தாலின் மஹாய் முகாமுக்கோ, ஷாம்பேன் பள்ளத்தாக்கின் மேற்கோடியில் உள்ள மங்க்ஸ் கவுலுக்கோ, கதீட்ரல் பீக் அடிவாரத்தில் உள்ள டிடிமாவுக்கோ போகலாம். இவை மூன்றும் மாகாணத்தின் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனமான எசெம்வெலோவின் பொறுப்பில் உள்ளவை. 2000ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட மலைத்தொடருக்குள் இருப்பதால் இங்கே ஆடம்பரத்தைவிட அமைதியே மிகுதி. நீச்சல் குளம், டிராம்போலின், சிறு கடை முதலியவை வேண்டுமென்றால் தனியார் பண்ணை முகாம்களைத்தான் பார்க்க வேண்டும்.

வண்டியும் உரிமமும்

இதில் தவறினால் காப்பீடு கிடைக்காமல் போகலாம் என்பதால் சுருக்கமாகவேனும் சொல்லிவிடுகிறேன். 'பி' வகை ஓட்டுநர் உரிமத்தோடு 750 கிலோவுக்கு மேற்படாத மொத்த எடை வரம்பு கொண்ட ட்ரெய்லரை மட்டுமே இழுக்கலாம். பெரும்பாலான குடும்பக் கேரவன்கள் அந்த வரம்பைத் தாண்டுகின்றன. அவற்றுக்கு 'ஈபி' வேண்டும். இழுத்துச் செல்லாமல் நேரடியாக ஓட்டும் மோட்டார்ஹோமை வாடகைக்கு எடுப்பவர்கள் அதன் மொத்த எடை வரம்பு 3,500 கிலோவுக்கு மேலா என்று கேட்டுக்கொள்ள வேண்டும், மேலே என்றால் 'சி1' உரிமம் தேவை. பீட்டர்மாரிட்ஸ்பர்கைத் தாண்டி டவுன் ஹில் ஏற்றத்தில் மூடுபனியும் பெரிய லாரிகளும் ஒன்றாக வரும் என்பதால், முதல்முறை கேரவன் இழுப்பவர்கள் அந்த மேட்டைப் பகல் வெளிச்சத்தில் கடக்கும்படி புறப்படுங்கள்.

முகாமை விசாரிக்கும்போது கடைசிச் சில கிலோமீட்டர் சாலையைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். தார்ச்சாலையா, மண்சாலையா, மழை பெய்தால் பக்கி எனப்படும் பிக்கப் வண்டி இல்லாமல் சாதாரணக் காரில் கேரவனை இழுத்துவர முடியுமா, ஓடையின் குறுக்கே தாழ்ந்த பாலம் ஏதாவது உண்டா என்று கேட்டால் போதும். தாழ்ந்த பாலம் உண்டு என்று சொன்னால், கோடையில் ஒரே பிற்பகல் மழையில் வெளியேற வழியில்லாமல் போகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்லூஷன் பிளாக்: முகாமின் உயிர்நிலை

தென்னாப்பிரிக்க முகாம்களில் ஒவ்வொரு கேரவனுக்கும் தனிக் கழிவுநீர் இணைப்பு தருவது அரிது. கழிப்பறை, குளியல், பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் பொதுக் கட்டடத்தில்தான். அதை இங்கே எல்லோரும் அப்லூஷன் பிளாக் என்றே சொல்கிறார்கள். வெளிநாட்டுக் காணொளிகளில் பார்த்த வசதிகளை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்கள் முதலில் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆகவே ஒரு முகாமின் தரம் என்பது பெரும்பாலும் அந்தக் கட்டடத்தின் தரம்தான். மலைக்காட்சியை எந்த முகாமிலிருந்தும் நடந்து போய்ப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் ஒழுகும் கூரையும் உடைந்த தாழ்ப்பாளும் தங்கியிருக்கும் வரை கூடவே இருக்கும்.

தூரத்தைக் கேட்கும்போது 'பக்கம்தான்' என்ற பதிலை ஏற்காதீர்கள். எத்தனை அடி வைத்து நடக்க வேண்டும் என்று கேளுங்கள். சிறு குழந்தைகளோ முதியவர்களோ உள்ள குடும்பம் ஏறத்தாழ 60 மீட்டருக்குள் ஒரு ஸ்டாண்டை, அதாவது கேரவன் நிறுத்தும் இடத்தை, கேட்டுப் பெற வேண்டும். அதே சமயம் கட்டடத்தின் சுவரை ஒட்டிய ஸ்டாண்டை வாங்கினால் இரவு முழுவதும் கதவு அடிக்கும் ஓசையும் காலடிச் சத்தமும் தூக்கத்தைக் கெடுக்கும். பாதை சமதளமா, படிக்கட்டு உண்டா, கற்களா, மழைக்குப் பின் சேறாகுமா என்பது அடுத்த கேள்வி. விளக்குகள் இரவு முழுவதும் எரியுமா அல்லது பத்து மணிக்கு அணைத்துவிடுவார்களா என்பதையும் கேட்க வேண்டும். சில பண்ணை முகாம்களில் விண்மீன் பார்ப்பவர்களுக்காகவே விளக்கை அணைக்கிறார்கள். அது நல்ல காரணம்தான், நமக்குத் தெரிந்திருந்தால் தலையில் மாட்டும் டார்ச் லைட்டை ஆளுக்கொன்று எடுத்துப் போவோம்.

வெந்நீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். மின்சாரக் கீசர் என்றால் மின்வெட்டில் நின்றுவிடும், கேஸ் கீசர் என்றால் சிலிண்டர் தீரும்வரை வரும், சூரிய ஒளியில் சூடாவது என்றால் மேகமூட்டமான நாளில் மாலைக்குள் ஆறிவிடும். பழைய பண்ணைகளில் விறகு எரித்துத் தண்ணீர் சூடாக்கும் இரும்புக் கொதிகலன் இருக்கும். அதற்கு இந்த ஊரில் டொங்கி என்று பெயர். டொங்கியில் வரும் வெந்நீருக்கு ஈடில்லை, ஆனால் யாரோ ஒருவர் மாலையில் நெருப்பு மூட்டினால்தான் அது வரும் என்பதால், எத்தனை மணிக்கு மூட்டுவார்கள், காலையிலும் மூட்டுவார்களா என்று தெரிந்துகொண்டு குழந்தைகளின் குளியலை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். ஷவர் மட்டும் உள்ள இடத்தில் ஒன்றரை வயதுக் குழந்தையைக் குளிப்பாட்டுவது கடினம். குளியல் தொட்டி உண்டா என்று கேட்பதும், இல்லையென்றால் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துப்போவதும் நல்லது. ஆயாவோ தாத்தாவோ உடன் வந்தால், கைப்பிடிக் கம்பியுள்ள கழிப்பறை ஒன்றாவது இருக்கிறதா என்று தயங்காமல் விசாரியுங்கள்.

கேரவனிலேயே வைத்துக்கொள்ளும் இரசாயனக் கழிப்பறை இரவு நடையைக் குறைக்கும். அதைக் காலி செய்ய முகாமில் தனி இடம் உண்டா என்பதை முன்கூட்டியே கேட்க வேண்டும். பண்ணைகளின் கழிவுத் தொட்டி நுண்ணுயிர்களால் இயங்குவது. கடுமையான இரசாயனத்தை அதில் கொட்டினால் அந்த உயிர்கள் மடிந்து தொட்டியே கெட்டுப்போகும்.

மின்சாரமும் தண்ணீரும்

முகாம்களில் மின்சாரம் நீல நிற மூன்று முனைக் கேரவன் பிளக் வழியாக வருவதே வழக்கம். வீட்டுப் பிளக்கை அதில் செருக முடியாது என்பதால், வாடகைக் கேரவனோடு பொருத்தமான கேபிளும் மாற்றுப் பிளக்கும் வருகின்றனவா என்று பாருங்கள். 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்றால் கையில் இருப்பது ஏறத்தாழ 3,600 வாட். 2,000 வாட் கெட்டிலும் 1,500 வாட் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடினால் அந்த அளவு முடிந்துவிட்டது, அதன் மேல் ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கியவுடன் பிரேக்கர் விழும். 10 ஆம்பியர் மட்டும் தரும் முகாமில் 2,300 வாட்தான். அங்கே குளிர்கால இரவில் மின்ஹீட்டரை நம்பாமல் கூடுதல் கம்பளியை நம்புங்கள். எந்தக் காரணத்துக்காகவும் கேஸ் அடுப்பையோ கரியையோ மூடிய கேரவனுக்குள்ளும் கூடாரத்துக்குள்ளும் குளிர்காய வைக்காதீர்கள்; அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு மணமில்லை, உறங்குகிறவர் விழிப்பதில்லை. கேபிள் சுருளாக இருந்தால் முழுவதும் பிரித்துப் போடுங்கள், சுற்றியபடியே விட்டால் சூடேறி உருகும். மின்பெட்டியிலிருந்து ஸ்டாண்ட் வரை எத்தனை மீட்டர் கேபிள் வேண்டும் என்பதையும் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

பண்ணை முகாம்களில் தண்ணீர் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ வருகிறது. 'மின்சாரம் போனால் தண்ணீர் வருமா?' என்ற கேள்விக்கு இங்கே தனி இடமுண்டு. ஆண்டுக்கணக்கில் லோட் ஷெடிங்கோடு வாழ்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: பம்ப் நின்றால் கழிப்பறையும் நிற்கும். உயரத்தில் பெரிய தொட்டி வைத்திருக்கும் முகாமுக்கு அந்தக் கவலை இல்லை. அந்தத் தண்ணீர் குடிக்க ஏற்றதா என்று கேட்டு, உறுதியான பதில் வராவிட்டால் 25 லிட்டர் கேனில் வீட்டிலிருந்தே குடிநீரைக் கொண்டுபோங்கள்.

ஸ்டாண்டை எண் சொல்லிக் கேளுங்கள்

முகாமின் வரைபடத்தை அனுப்பச் சொல்லி, ஸ்டாண்ட் எண்களைப் பார்த்து, அதில் எது என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். பெயர்பெற்ற இடங்களில்கூட ஸ்டாண்டுக்கு ஸ்டாண்ட் வேறுபாடு பெரிது. ஆற்றங்கரை ஸ்டாண்டுகளைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், நான் அவற்றைத் தவிர்க்கிறேன். தவழும், ஓடும் வயதுக் குழந்தைகளுக்கு அருகில் நீர் இருப்பது ஒரு காரணம், மழைக்காலத்தில் மலையின் மேலே பெய்யும் மழை நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே ஆற்றை உயர்த்திவிடும் என்பது இன்னொன்று. 2022 ஏப்ரலில் இந்த மாகாணத்தில் 400க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன வெள்ளத்தைப் பார்த்த நாம் ஓடும் நீரின் வேகத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. நீர்மட்டத்திலிருந்து நன்றாக மேடேறிய ஸ்டாண்டே குடும்பத்துக்கு உகந்தது.

நிழல் வேண்டும், ஆனால் எந்த மரத்தின் நிழல் என்று பாருங்கள். புளூகம் என்று சொல்லப்படும் யூகலிப்டஸ் மரங்கள் காற்றே இல்லாத நாளிலும் பெரிய கிளைகளை உதிர்க்கும். அவற்றின் நேர் கீழே கேரவனையோ பிள்ளைகளின் கூடாரத்தையோ வைக்காதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: இங்கே குளிர்காலச் சூரியன் வடக்கு வானில் தாழ்வாக நகரும். இந்நாட்டுக் கேரவன்களின் கதவும் அதன் முன் கட்டும் பந்தலும் இடப்பக்கத்தில் இருப்பதால், குளிர்காலத்தில் கேரவனின் முகப்பை, அதாவது காரோடு பூட்டும் முனையை, கிழக்கு நோக்கி நிறுத்தினால் வாசலில் நாள் முழுவதும் வெயில் கிடைக்கும். கோடையில் முகப்பைத் தெற்கு நோக்கி நிறுத்தினால் வாசல் கிழக்கைப் பார்ப்பதால் பிற்பகல் வெயிலைக் கேரவனே மறைத்துவிடும். தென்மேற்கிலிருந்து திடீரென்று வரும் குளிர்காற்றும் அப்போது பந்தலை நேராகத் தாக்காது.

கூட்டுக் குடும்பமாகப் போவது நம் வழக்கம். ஒரு ஸ்டாண்டில் எத்தனை பேர், கேரவனோடு எத்தனை கூடாரம், எத்தனை வண்டி என்று ஒவ்வொரு முகாமுக்கும் வரம்பு உண்டு; ஆறு பேர் என்பது பல இடங்களில் காணும் அளவு. சித்தப்பா குடும்பமும் அத்தை குடும்பமும் கடைசி நேரத்தில் சேர்ந்துகொள்ளும் என்ற வாய்ப்பு இருந்தால் அடுத்தடுத்த இரண்டு ஸ்டாண்டுகளை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

பிள்ளைகள் விளையாடும் இடம், விலங்குகள், நீர்

இந்த நாட்டு முகாம்களில் பிள்ளைகள் காலை முதல் மாலை வரை சைக்கிளில் சுற்றுவது ஓர் அழகான பழக்கம். அதற்கு ஏற்ற முகாம் என்றால் உள்சாலை வட்டமாக, வேகத்தடையோடு, வெளிச்சாலையோடு நேரடித் தொடர்பில்லாமல் இருக்க வேண்டும். விளையாட்டிடம் ஸ்டாண்டிலிருந்து கண்ணுக்குத் தெரிகிறதா, நீச்சல் குளத்தைச் சுற்றித் தானாக மூடிக்கொள்ளும் கதவோடு வேலி இருக்கிறதா என்பவற்றைக் கேளுங்கள். வேலியில்லாத குளம் உள்ள முகாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், நீந்தத் தெரியாத பிள்ளை உடனிருந்தால் அதை விட்டுவிடுவதே சரி.

அணையிலும் ஆற்றிலும் இறங்குவதற்கு முன் பில்ஹார்சியாவை நினைவில் கொள்ளுங்கள். நன்னீர் நத்தைகளில் வளர்ந்து, நீரில் இறங்குபவரின் தோலுக்குள் புகும் ஒட்டுண்ணியால் வரும் நோய் அது. மாகாணத்தின் தாழ்ந்த, வெப்பமான பகுதிகளின் ஆறுகளிலும் அணைகளிலும் அது பரவலாக உண்டு. உயர்ந்த மலையின் குளிர்ந்த, வேகமாக ஓடும் ஓடைகளில் அபாயம் மிகக் குறைவு. டிராக்கன்ஸ்பெர்க் பகுதியில் மலேரியா இல்லை. ஆனால் மொசாம்பிக் எல்லையை ஒட்டிய வடகோடியில் செப்டம்பர் முதல் மே வரை மலேரியா பருவம் உண்டு என்பதால், அந்தப் பக்கம் போகும் முன் சிறு குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் மருத்துவரிடம் ஆலோசனை பெற்றே தீர வேண்டும். செயின்ட் லூசியாவில் முகத்துவாரத்தில் முதலைகளும் நீர்யானைகளும் வாழ்கின்றன. இருட்டிய பின் நீர்யானைகள் ஊர்த் தெருக்களிலேயே மேயும். என் இரவு நடைச் சோதனையில் அந்த ஊரின் முகாம்கள் தேறுவதில்லை. பிள்ளைகள் வளர்ந்து, சொன்னதைக் கேட்கும் வயது வந்த பிறகு அங்கே போவதே நல்லது என்று நினைக்கிறேன்.

வெர்வெட் குரங்குகளும் மலைப்பகுதியில் பபூன்களும் வரும். வாழைப்பழம் ஒன்று மேசையில் இருந்தால் போதும், ஜன்னல் வலையைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். குப்பைத் தொட்டிகளுக்குக் குரங்கு திறக்க முடியாத மூடி போட்டிருக்கும் முகாமில் தொல்லை குறைவு. நிர்வாகம் அக்கறையாக நடக்கிறது என்பதற்கும் அது ஓர் அடையாளம். உயரமான புல்லில் விளையாடிய பிள்ளைகளை மாலையில் உண்ணி இருக்கிறதா என்று காதோரம், அக்குள், இடுப்பு மடிப்பு வரை பார்த்துவிடுங்கள். கடித்த இடத்தில் கறுத்த புண்ணும் காய்ச்சலும் தலைவலியும் வந்தால் உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம், மருத்துவரிடம் போனால் மாத்திரையில் குணமாகும். பஃப் ஆடர் விரியன் ஆள் வந்தாலும் விலகாமல் பாதையிலேயே கிடக்கும் இயல்புடையது, ஆகவே இரவில் டார்ச்சும் மூடிய காலணியும் இல்லாமல் யாரும் கீழே இறங்கக் கூடாது.

அவசரத்தில் எங்கே போவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். மத்திய டிராக்கன்ஸ்பெர்க் முகாம்களுக்கு வின்டர்டன், பெர்க்வில், எஸ்ட்கோர்ட் ஆகியவை அருகிலுள்ள ஊர்கள். கைப்பேசியிலிருந்து 112, ஆம்புலன்ஸுக்கு 10177, காவல்துறைக்கு 10111. பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைக்காது என்பதால், இரவில் முகாம் பொறுப்பாளர் அங்கேயே தங்குகிறாரா, எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுப்பும் புரட்டாசியும்

ஒவ்வொரு ஸ்டாண்டிலும் இறைச்சி சுடும் பிராய் அடுப்பு இருக்கும், அதன் கம்பி வலையில் நமக்கு முன் தங்கியவர்கள் மாட்டிறைச்சி சுட்டிருப்பார்கள். நம் குடும்பங்களில் பலர் மாட்டிறைச்சி உண்பதில்லை. எனவே சொந்த வலை ஒன்றை எடுத்துப் போவது எளிய தீர்வு. செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் வரும் பள்ளி விடுமுறை பெரும்பாலும் புரட்டாசியில்தான் விழுகிறது. மாதம் முழுவதும் விரதம் காக்கும் வீட்டார் பொது அடுப்பை விட்டுவிட்டு, காற்றுத் தடுப்போடு கூடிய கேஸ் அடுப்பையும் தனிப் பாத்திரங்களையும் கொண்டுபோவது மனநிறைவைத் தரும். பீன்ஸ் கறியும் ரொட்டியும் முகாமுக்கு மிகப் பொருத்தமான உணவு. கறியை வீட்டிலேயே செய்து உறையவைத்து எடுத்துப் போனால் முதல் நாள் வழியில் அதுவே குளிர்பெட்டிக்குப் பனிக்கட்டியாகவும் உதவும். பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் விழுந்து கிடக்கும் கிளைகளைக்கூட விறகுக்காகப் பொறுக்கக் கூடாது, முகாமிலேயே விறகு விற்பார்களா என்று கேளுங்கள். தீபாவளி நெருங்கும் விடுமுறையில் பட்டாசு எதையும் எடுத்துச் செல்லாதீர்கள். காய்ந்த புல், ஓலைக்கூரை, கட்டிவைத்த குதிரைகள் ஆகியவற்றுக்கு நடுவே ஒரு பொறி போதும்.

தொலைபேசியில் பேசுங்கள்

இணையத்தில் பதிவு செய்வதற்கு முன் ஒருமுறை தொலைபேசியில் பேசிவிடுங்கள். கட்டணம் ஸ்டாண்டுக்கா, ஆளுக்கா, ஆளுக்கு என்றால் குறைந்தபட்சத் தொகை உண்டா, பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் சலுகை உண்டா, நுழைவுக் கட்டணம் தனியா என்று கேட்டால் மொத்தச் செலவு தெளிவாகும். இரவு எத்தனை மணிக்கு அமைதி நேரம் தொடங்குகிறது, அதை யார் நடைமுறைப்படுத்துகிறார்கள் என்பதையும் கேளுங்கள். விதி எங்கும் எழுதப்பட்டிருக்கும். 'சத்தம் போட்டால் நானே போய்ச் சொல்வேன்' என்று பொறுப்பாளர் சொன்னால்தான் அது குடும்ப முகாம். அதே விதி நம் பாட்டுப் பெட்டிக்கும் பொருந்தும் என்பதையும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மேலே சொன்ன கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவர் நடத்தும் முகாமில், தரையில் ஏதாவது குறை இருந்தாலும் சமாளித்துவிடலாம். கேள்வியைப் பாதியில் வெட்டிப் பணத்தை முதலில் கட்டச் சொல்பவரிடம் நான் பதிவு செய்வதில்லை. டிசம்பர் விடுமுறைக்குப் பல மாதங்களுக்கு முன்பே இடம் தீர்ந்துவிடும் என்பதையும், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

போய்ச் சேர்ந்த மாலை

வாசல் எத்தனை மணிக்கு மூடப்படும் என்று தெரிந்துகொண்டு, பிற்பகல் மூன்று மணிக்குள் போய்ச் சேரும்படி புறப்படுங்கள். கேரவனை நிறுத்தி மட்டம் பார்ப்பதும், கேபிளை இணைப்பதும், பந்தலைக் கட்டுவதும் முதல்முறை இரண்டு மணி நேரம் பிடிக்கும். இருட்டில் அந்த வேலையைச் செய்தால் குடும்பத்தில் எல்லோருக்கும் மனக்கசப்புதான் மிஞ்சும். ஸ்டாண்ட் நீங்கள் கேட்டபடி இல்லையென்றால் கேரவனைக் கழற்றுவதற்கு முன்பே அலுவலகத்தில் போய்ச் சொல்லுங்கள், காலியாக வேறொன்று இருந்தால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். பிறகு வெளிச்சம் இருக்கும்போதே வீட்டார் அனைவரும், ஆயாவும் சின்னப் பிள்ளையும் உட்பட, கதவிலிருந்து கழிப்பறை வரை ஒருமுறை சேர்ந்து நடந்து போங்கள். எந்த இடத்தில் வேர் தடுக்கும், எந்த மூலையில் திரும்ப வேண்டும், எந்தத் தாழ்ப்பாள் இறுகியிருக்கிறது என்று பிள்ளையே கைகாட்டிச் சொல்லட்டும். அந்தி சாய்ந்த பின், டார்ச்சை அதன் கையிலேயே கொடுத்து, அதே வழியை இன்னொரு முறை நடத்திக் கூட்டிவாருங்கள்.